உள்ளேயிருந்து வந்த தடம்

மணலேறியில் ஈரத்தடம் விழ ஆரம்பித்தது எந்தக் கிழமை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் குழாய் வறண்டு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊரே குடத்தோடு ஓடிக்கொண்டிருந்த கோடையில்தான் அது ஆரம்பித்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. முதலில் விழுந்தது ஓய்வுபெற்ற சர்வேயர் தங்கப்பழம் வீட்டில். அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவரோடு போனில் எழுதிப் பேசிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் ஒரு ஈரக்கால் விழுந்தது, அடுத்து இன்னொன்று, ஆள் இல்லை, கால் மட்டும் நடந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. தங்கப்பழம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிற அந்த நடை சிநேகிதருடையதுதான் என்று தெரிந்ததும், "வாரும் வே, உக்காரும்" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் எல்லா வீட்டிலும் விழுந்தது. போன் வழியாக உனக்கு ஒருவர் எழுதினால், அவர் எந்த ஊரில் இருந்தாலும், அவருடைய கால் நீ இருக்கிற இடத்துத் தரையில் ஈரமாக நடந்து வரும். எழுதுகிறவருக்கு அந்த நேரம் கணுக்கால்வரை சில்லென்று நனைந்துவிடும். ஏன் எதற்கு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதைவிட, வந்த தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதுதான் மணலேறிக்காரர்களின் குணம். ஆடிப்பாடிப் படம் எடுத்துப் போடுகிற ஒரு பெண்ணின் வீட்டில் மட்டும் ஊர் உலகத்துக் கால்களெல்லாம் வந்து சேறாகி, அவளுடைய அப்பா கூடத்தில் கீரை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கால்மிதி வியாபாரி தள்ளுவண்டியோடு வந்தான். வீட்டுக்கு வீடு நேரம் ஒதுக்கித் துடைத்தார்கள். ஆனால் துடைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள், அங்கேதான் வினை. கால் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு. தினமும் பூப்போட்டு "இனிய காலை வணக்கம்" அனுப்புகிறவரின் கால் வாசற்படியோடு திரும்பிப் போனது, உள்ளே வர அவருக்கு விருப்பமே இல்லை. "உன் வளர்ச்சியைப் பார்த்துப் பெருமையா இருக்கு" என்று எழுதிய சித்தி மகளின் கால் நேராக உள்ளறைக்குப் போய், பீரோ முன்னால் வெகுநேரம் நின்று, கட்டைவிரலை ஊன்றி எட்டிக்கூடப் பார்த்திருந்தது. பெண்களை எல்லாம் "அம்மா, தாயே" என்று அழைக்கிற ஒரு பெரிய மனிதரின் கால் பல வீடுகளில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் கிடைத்தது. நூறு சண்டைக்கு அது காரணமானது. பிறகு சம்பந்தம் பேசுகிறவர்கள் விவரமானார்கள். ஜாதகம் வாங்குவதற்கு முன்னால் போன் நம்பர் வாங்கி, மாப்பிள்ளைப் பையனைப் பெண்ணோடு எழுதவிட்டு, அவன் கால் வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறது என்று பார்த்தார்கள். அதற்குத் தடம் பார்க்கிறது என்று பெயர் வந்தது. மாவு மில் நடத்துகிற ஆவுடைத்தங்கம் அதில் தேர்ந்தவள் என்று பெயர் எடுத்தாள், யார் கொடுத்த பெயர் என்று கேட்டால் அவளே கொடுத்துக்கொண்டதுதான்.

தடத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. தடத்தின் சொந்தக்காரர் வந்து அதன்மேல் கால் வைத்தால், தரை ஈரம் முழுவதும் அந்தக் காலுக்குள் ஏறி, தடம் இருந்த இடமே தெரியாது. வேறு யார் மிதித்தாலும் கலங்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்திக்கு முகமில்லாத ஒருவன் வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டே இருந்தபோது இதை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். அவள் வீட்டுச் சுவரில் உதைத்த மாதிரி விழுந்திருந்த தடத்தில் சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் காலைத் தூக்கி வைத்தார்கள். ஆண்டுவிழாவில் அந்த டீச்சருக்குச் சால்வை போர்த்தி, அழுது, மைக்கில் பாராட்டிப் பேசியவருடைய காலுக்குள் அது ஏறிப்போனது.

ஊர் இப்படிக் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பெயிண்ட் கடை சங்கரலிங்கத்தின் மனைவி பொன்செல்வி மட்டும் ஒரு காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது நித்யாவின் கால்.

பொன்செல்வியைத் தெருவில் வாயில்லாப் பூச்சி என்பார்கள். புருஷன் சொன்னால் தலையாட்டுவாள், புருஷனின் அக்கா கோமதி திட்டினால் தரையைப் பார்ப்பாள். கோமதி கல்யாணமாகிப் போன வேகத்தில் திரும்பி வந்தவள். பொன்செல்வி தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால்கூட அவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். "எங்கட்டி போற? எப்ப வருவ?" அதற்குப் பொன்செல்வி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சொல்லாததையெல்லாம் சேர்த்துவைத்து நித்யாவிடம் கொட்டிவிடுவாள். வீட்டில் இல்லாத வாய் அங்கே அவளுக்குத் தெரு அகலத்துக்கு இருந்தது.

நித்யா ஷார்ஜாவில் இருப்பதாகச் சொன்னவள். செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்றில், செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று பொன்செல்வி கேட்டபோது மருந்து சொல்லிப் பழக்கமானாள். முகம் காட்டியதில்லை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. ஆனால் அவளை மாதிரிக் கேட்கிற ஆளைப் பொன்செல்வி பார்த்ததில்லை. எடுத்ததும் "சாப்பிட்டியா?" என்பாள். புத்தி சொல்ல மாட்டாள், குறுக்கே பேச மாட்டாள், பொன்செல்வி புருஷனைத் திட்டினால் அவளும் சேர்ந்து திட்டமாட்டாள், "ம்" என்பாள். அந்த ஒற்றை "ம்"முக்காகப் பொன்செல்வி நாள் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஒருதடவை கோமதியின் காலைப் பற்றியும் எழுதினாள். கோமதிக்குப் பெரிய கால். கட்டைவிரலைத் தாண்டி அடுத்த விரல் நீண்டிருக்கும். அப்படி இருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று சொல்வார்களே, அந்தக் கால். மணவறையில் மெட்டி போடக் குனிந்த மாப்பிள்ளை அதைப் பார்த்து நிமிர்ந்தவன்தான், அப்புறம் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்த நாளிலிருந்து சேலை தரையைக் கூட்டும்படி கட்டுகிறாள். பொன்செல்வி நித்யாவுக்கு எழுதினாள்: "எங்க மதினி காலை நீ பாத்திருக்கணும். அரிசி மூடைக்கு முட்டுக் கொடுக்கலாம். மெட்டி போட வந்தவன் மெரண்டு ஓடுனதுல தப்பே இல்லை." நித்யாவிடமிருந்து வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சிரிக்கிற பொம்மை வந்தது. அதன் கீழே, "சாப்பிட்டியா?"

ஊரில் தடம் விழ ஆரம்பித்ததும் பொன்செல்வி சந்தோஷப்பட்டாள். நித்யா வந்தால் காலடியில் விரிக்க ஒரு புதுப் பாய் வாங்கி வைத்தாள். ஆனால் அந்த வாரமே நித்யாவின் போன் ரிப்பேராகிவிட்டது போலிருக்கிறது, அவள் எழுதுவது நின்றது. பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சொம்புத் தண்ணீர் கூடச் செலவானால் ஊரைக் கூட்டுகிற கோமதி, எந்நேரமும் புழக்கடையில் உட்கார்ந்து, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஓசூரிலிருந்து அழைப்பு வந்தது. பொன்செல்வி கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் படித்திருந்தாள். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தும் இருந்தாள். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்துகொள்ளுங்கள், தங்க இடம் உண்டு என்றார்கள். சங்கரலிங்கத்திடம் சொன்னதற்கு அவன் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம வீட்டுப் பொம்பளை வெளியூர்ல போய்த் தங்குனா ஊரு சிரிக்கும். ரசத்தை ஊத்து" என்றான். கையில் கரண்டியோடு நின்ற பொன்செல்விக்கு உயிர் வற்றிப்போனது. இந்த வாசல் இப்போது சாத்தினால் இனி ஒருநாளும் திறக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தான். புழக்கடையில் பாத்திரச் சத்தம். பொன்செல்வி கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பதில் வராது என்று தெரிந்தும் எழுதினாள். "நாளைக்குக் காலையில பஸ். போகலைன்னா இந்தச் செவத்தோட செவராப் போயிருவேன். சொல்றதுக்கு ஒன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? நான் என்ன செய்ய?"

புழக்கடையில் பாத்திரச் சத்தம் நின்றது. போன் அதிர்ந்தது.

"போ."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்ததும் வந்தது. "அழாத. துணி எடுத்து வச்சிட்டியா?"

பொன்செல்வி பாயை விரிக்க எழுந்து வாசற்படியைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. முதுகுப் பக்கம் சில்லென்றது. திரும்பினாள். ஊரில் எந்த வீட்டிலும் நடக்காதது அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது: கால் தெருவிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது. உள்ளறைக்கும் அடுக்களைக்கும் பொதுவான நடையில் முதல் தடம், பிறகு அடுத்தது, அகலமான, நீண்ட, கனத்த பாதங்கள், பீரோவைப் பார்க்காமல், அங்குமிங்கும் திரும்பாமல் நேராக அவளிடம் வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி உட்காரப் போகிற மாதிரி நின்றன.

ஆம்பளைக் கால்.

உள்ளறையில் இருப்பது ஒரே ஆம்பளை. இத்தனை நாளும் புருஷனைப் பற்றிப் புருஷனிடமேவா சொல்லிக்கொண்டிருந்தேன்? போ என்று சொல்லி, போகிறாளா பார்க்கலாம் என்று காத்திருக்கிறானா? சத்தமில்லாமல் உள்ளறைக்குப் போனாள். சங்கரலிங்கம் கண்ணை மூடிக் கிடந்தான், போன் நெஞ்சின்மேல் இருந்தது, காலைப் போர்வை மூடியிருந்தது. அவள் போர்வையின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள்.

காய்ந்த கால். பித்தவெடிப்பில் பெயிண்ட் ஒட்டிய, சொட்டு ஈரமில்லாத கால்.

"என்னட்டி செய்த?" என்று அவன் எழுந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான், அவள் திரும்பிப் பார்த்த திக்கைப் பார்த்தான், கூடத்துக்கு வந்து தரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பொன்செல்விக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். சங்கரலிங்கம் பரணில் ஏறிப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான், நெல் குதிருக்குள் கையைவிட்டுத் துழாவினான். தெருவே கூடத்துக்குள் வந்துவிட்டது. ஆவுடைத்தங்கம் மாவு படிந்த கையோடு வந்து தடத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, சாண் போட்டு அளந்து, எழுந்து மாவைத் தட்டிக்கொண்டாள்.

"ஆம்பளைக் காலு. சந்தேகமே வேண்டாம். உள்ள இருந்து வந்திருக்கு, அப்ப ஆளு வீட்டுக்குள்ள வந்து போற ஆளு."

"யாரு அவன்?" என்று சங்கரலிங்கம் கேட்டான்.

"நித்யா. ஷார்ஜால இருக்கா. பொம்பளை" என்றாள் பொன்செல்வி. யாரோ சிரித்தார்கள்.

அவன் போனைப் பிடுங்கினான். எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். செம்பருத்தி, மாவுப்பூச்சி, சாப்பிட்டியா, ம். ஓசூர் பஸ் வந்தது. "போ" வந்தது. வெறி ஏறி விரலை மேலே மேலே தள்ளியவன், என்ன வாசிக்கிறோம் என்று தெரியாமலே அதையும் வாசித்தான்: "எங்க மதினி காலை நீ பாத்திருக்கணும். அரிசி மூடைக்கு..." பாதியில் குரல் தேய்ந்தது. அடுக்களை வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். சேலை விளிம்பு நனைந்து தரையில் கிடந்தது. பொன்செல்வி அந்த ஈர விளிம்பைப் பார்த்தாள், நடையில் விழுந்திருந்த முதல் தடத்தைப் பார்த்தாள், அது உள்ளறைப் பக்கம் இல்லை, அடுக்களைப் பக்கம் இருந்தது. நித்யா ஏன் எழுதுவதை நிறுத்தினாள், பொன்செல்வியின் தடம் விழுந்தாலும் தெரியாதபடி புழக்கடை ஏன் எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது என்று அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அதைச் சொன்னால் அவள் தப்பிக்கலாம். ஆனால் எந்தக் காலைக் காட்டச் சொல்வது? தான் சிரித்த காலையா?

"பக்கத்து வீட்டு டெய்லரைக் கூப்பிடுங்க" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். டெய்லர் சாமிதுரை பாவம், கழுத்தில் அளவு டேப்போடு வந்து, கும்பிட்டுவிட்டுக் காலை வைத்தான். தடம் கலங்கியது, போகவில்லை. "அடுத்தாளு வாங்க" என்றாள் ஆவுடைத்தங்கம். சங்கரலிங்கம் அசையவில்லை. "இவங்க அப்பாவுக்குப் போன் போடுங்க" என்றான் மெதுவாக. "இன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போகட்டும். எவன் காலுன்னு சொல்லாம இவ இந்தப் படி ஏற வேண்டாம்." வேலை, ஓசூர் எல்லாம் எங்கோ போய்விட்டன, இனி அவள் எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் தடம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

"எல்லாரும் தள்ளுங்க" என்றாள் கோமதி.

யாரும் தள்ளவில்லை. அவள் வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, இத்தனை வருடம் தரையைக் கூட்டிய சேலையை ரெண்டு கையாலும் பிடித்து, கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். கால் தெரிந்தது. கணுக்கால்வரை நனைந்திருந்த, வெயிலே படாமல் வெளுத்துப்போன, பெரிய கால். அந்த நீண்ட விரல். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதி வலது காலைத் தடத்தின்மேல் வைத்தாள், இடதை வைத்தாள்.

தாகத்தோடு குடிக்கிற மாதிரி ஈரம் காலுக்குள் ஏறியது. பின்னாலேயே நடை வரைக்கும் இருந்த தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தரை காய்ந்து கிடந்தது.

கூட்டம் குனிந்து காய்ந்த தரையைப் பார்த்தது. பிறகு ஆவுடைத்தங்கம், "பொம்பளைக் காலுதான்னு எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு" என்றாள்.

"அக்கா, நீயா?" என்றான் சங்கரலிங்கம்.

"நாந்தாம்ல நித்யா. இவ என்ன செய்தா, யார்கிட்ட பேசுதான்னு வேவு பாக்கத்தான் ஆரம்பிச்சேன். வேவு பாக்கப் போனவ அங்கேயே இருந்துட்டேன்." அவள் சேலையை இறக்கவில்லை. "ஊருக்கு முன்னால வாசிக்கியே, என் காலைப் பத்தி எழுதுனதை வாசிச்சாச்சு. ஒன்னைப் பத்தி எழுதுனதும் இருக்கு. அதையும் சத்தமா வாசிக்கச் சொல்லட்டுமா?"

சங்கரலிங்கம் போனைத் தரையில் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதையும் மறந்து, கடைக்குப் போனான். கூட்டம் ஒவ்வொருவராக, தங்கள் கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து வெளியே போனது.

கூடத்தில் ரெண்டு பேர் மட்டும் இருந்தார்கள். "மதினி" என்றாள் பொன்செல்வி.

"அன்னைக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்புனேம்லா" என்றாள் கோமதி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அழுதுக்கிட்டுத்தான் அனுப்புனேன். நீ வேற யார்கிட்டயும் சிரிச்சுப் பாத்ததில்லை. அதைக் கெடுக்க மனசு வரலை."

பொன்செல்வி கீழே உட்கார்ந்தாள். கோமதியின் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். கோமதி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "விடுட்டி, கூச்சமா இருக்கு" என்றாள். பொன்செல்வி விடவில்லை. வெகுநேரம், ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள், ஈரம் இப்போது மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சங்கரலிங்கம் வழியனுப்ப வரவில்லை, மறிக்கவும் வரவில்லை. வாசலில் பேப்பரை விரித்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோமதி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் பொன்செல்வியின் போன் அதிர்ந்தது. செம்பருத்திப் பூ இருந்த இடத்தில் ஒரு முகம் இருந்தது, சரியாக எடுக்கத் தெரியாமல் பாதி நெற்றியும் மோட்டுவளையுமாக. பெயர் கோமதி என்று இருந்தது. பஸ்ஸின் தகரத் தரையில், படிக்கட்டு வழியாக ஏறி, கண்டக்டரைத் தாண்டி, ஒரு ஜோடிப் பெரிய ஈரக்கால் தயங்காமல் நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. பக்கத்து இருக்கைக்காரி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

போனில் எழுதியிருந்தது: "எங்கட்டி போற? எப்ப வருவ?"

அந்தக் கேள்விக்குப் பொன்செல்வி முதல்தடவையாகப் பதில் எழுத ஆரம்பித்தாள். செருப்புக்குள் கால் சில்லென்று நனைந்தது. தன் கால் இந்நேரம் எந்த வாசல் வழியாக நுழைந்து, யார் பக்கத்தில் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.